தட்டியது எந்தக் கீபோர்டு?

எங்கள் தெருமுனை மளிகைக் கடையின் கடன் கணக்கில் ஒருவருக்குப் பெயரே இல்லை. பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் 890 என்று தொடங்கும் 13 இலக்க எண் ஒன்று உட்கார்ந்திருந்தது. அண்ணாச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நடந்தது இதுதான். அவர் பெயரைத் தட்டத் தொடங்கிய நேரத்தில், பக்கத்தில் நின்ற கடைப் பையன் ஒரு சோப்பு உறையை ஸ்கேனரில் காட்டியிருக்கிறான். பீப் என்றொரு சத்தம். சோப்பின் பார்கோடு எண் நேராகப் பெயர்க் கட்டத்துக்குள் போய் விழுந்தது. ஸ்கேனர் தன் வழக்கப்படி கடைசியில் ஒரு என்டரையும் தட்டிவிட்டது. கணக்கு பதிவாகிவிட்டது.

"ஏன் தம்பி, ரெண்டும் வேற வேற வயர்லதானே வருது? எது எங்கேருந்து வந்துச்சுன்னு கம்ப்யூட்டருக்குத் தெரியாதா?" என்றார்.

தெரியும். ஆனால் தெரிந்த இடத்திலிருந்து இரண்டு படி மேலே ஏறுவதற்குள் அதை மறந்துவிடும். அப்படித்தான் அதைச் செய்து வைத்திருக்கிறார்கள்.

பார்கோடு ஸ்கேனர் என்று நாம் சொல்வது, கணினியின் கண்ணுக்கு இன்னொரு கீபோர்டு. கருப்புக் கோடுகளைப் படித்து எண்ணாக்கும் வேலை ஸ்கேனருக்குள்ளேயே முடிந்துவிடும். கணினிக்கு வருவது 13 எண் விசைகளும் ஒரு என்டரும்தான். கை வேகமான யாரோ தட்டுகிறார் என்று அது நம்பிக்கொள்கிறது. ஆகவே அண்ணாச்சியின் சங்கடத்தைக் கணினிக்காரர்கள் மொழியில் கேட்டால் இப்படி வரும்: ஒரே கணினியில் இரண்டு கீபோர்டுகளைச் செருகி, ஒவ்வொன்றையும் தனித்தனி டெர்மினலுக்கு ஒதுக்க முடியுமா? இதை லினக்ஸை வைத்துச் சொல்கிறேன். உள்ளே என்ன நடக்கிறது என்று மூடியைத் திறந்து பார்க்க வசதியானது அதுதான்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. லினக்ஸ் கணினியில் இரண்டு யூஎஸ்பி கீபோர்டுகளைச் செருகுங்கள். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் படங்களெல்லாம் மறைந்து, கறுப்புத் திரையில் உங்கள் பெயரைக் கேட்கும் ஒரு வரி வரும். இப்போது முதல் கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டுங்கள். இரண்டாவது கீபோர்டிலும் விளக்கு எரியும். கேப்ஸை அணைத்துவிட்டு, ஒன்றில் ஷிஃப்டை அழுத்திப் பிடித்தபடி மற்றதில் ஏ விசையைத் தட்டுங்கள். பெரிய எழுத்து விழும். இரண்டு பலகைகளும் ஒரே பலகையின் இரண்டு துண்டுகள் போலத்தான் நடந்துகொள்கின்றன.

எஃப்3-க்குப் பதில் எஃப்4 அழுத்தியிருந்தால் வேறொரு கறுப்புத் திரை வந்திருக்கும். இவற்றைத்தான் மெய்நிகர் டெர்மினல்கள் என்கிறோம். லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் 63 வரை தரும். வழக்கமாக 6 மட்டுமே தயாராக வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு தனி ஆள் உள்நுழைந்திருக்கலாம், தனி வேலை ஓடிக்கொண்டிருக்கலாம். ஆனால் எந்த நேரத்திலும் திரையில் முன்னால் நிற்பது ஒன்றுதான். கீபோர்டுகள் எத்தனை இருந்தாலும், தட்டுவதெல்லாம் அந்த முன்னால் நிற்கும் டெர்மினலுக்கே போகும். தட்டியது எந்தக் கீபோர்டு என்ற கேள்வியே அங்கே எழாது.

ஏன் இப்படி? இதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. லினக்ஸில் டெர்மினலுக்கு டிடிஒய் என்று பெயர். டெலிடைப் என்ற தட்டச்சுத் தந்திப் பொறியின் சுருக்கம் அது. 1969-ல் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் பிறந்த காலத்தில் கணினியோடு பேச இந்தப் பொறிகள்தான் இருந்தன. டெலிடைப் மாடல் 33 என்ற பிரபலமான பொறி நொடிக்கு 10 எழுத்து அடிக்கும், அதையும் காகிதச் சுருளில். பின்னால் 1978-ல் வந்த விடி100 போன்றவற்றில் காகிதத்துக்குப் பதில் கண்ணாடித் திரை. எதுவாக இருந்தாலும் அமைப்பு ஒன்றே: ஒரு கணினி, அதிலிருந்து பல வயர்கள், ஒவ்வொரு வயரின் முனையிலும் ஒரு கீபோர்டும் ஒரு காகிதமோ திரையோ, அதன் முன்னால் ஓர் ஆள். ஆளை அடையாளம் காட்டியது வயர்தான். மூன்றாவது வயரில் வந்த எழுத்து மூன்றாவது ஆளுடையது. அண்ணாச்சி எதிர்பார்த்தது அந்தக் காலத்தில் இயல்பாகவே நடந்தது.

மேசைக் கணினி வந்தபோது நிலைமை தலைகீழானது. ஒரு கணினி, ஒரு கீபோர்டு, ஒரு ஆள். ஆனால் அந்த ஒரு ஆளுக்கு ஒரே நேரத்தில் நாலு வேலை. அவருக்காகத்தான் மெய்நிகர் டெர்மினல் வந்தது. பல பேருக்குப் பல டெர்மினல் என்பது போய், ஒரே ஆள் மாறி மாறி உட்கார்ந்துகொள்ளப் பல நாற்காலிகள் என்றாயிற்று. உட்காரப்போவது ஒருவர்தான் என்று எடுத்துக்கொண்ட பிறகு, அவர் வலப்பக்கக் கீபோர்டில் தட்டினால் என்ன, இடப்பக்கத்தில் தட்டினால் என்ன? மடிக்கணினியோடு பெரிய கீபோர்டு ஒன்றைச் செருகிப் பயன்படுத்துகிறவர்கள் இந்த ஏற்பாட்டுக்கு நன்றி சொல்ல வேண்டும். இரண்டிலும் தட்டலாம்; எதையும் அமைக்க வேண்டியதில்லை.

சரி, கலப்பது எங்கே நடக்கிறது? விசையை அழுத்தியதும் கீபோர்டு ஒரு சிறு பொட்டலத்தை யூஎஸ்பி வழியே அனுப்புகிறது. எளிய கீபோர்டுகளில் அது 8 பைட். ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்ற விசைகளுக்கு ஒரு பைட், சும்மா கிடக்கும் ஒன்று, மற்ற விசைகள் ஆறுக்கு இடம். கர்னல் அதைப் பிரித்து, இன்ன சாதனத்தில் இன்ன எண்ணுள்ள விசை அழுத்தப்பட்டது என்று குறித்துக்கொள்கிறது. இதுவரை ஒவ்வொரு கீபோர்டும் தனிதான். இங்கிருந்து பாதை இரண்டாகப் பிரியும். ஒரு கிளையில் ஒவ்வொரு சாதனத்துக்கும் தனிக் கோப்பு, கலப்படம் கிடையாது. மற்றக் கிளையில் டெர்மினல்களுக்கான கீபோர்டு கையாளி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. அது எல்லாக் கீபோர்டுகளையும் தன்னோடு இணைத்துக்கொண்டு, வருவதையெல்லாம் ஒரே அண்டாவில் கொட்டி, முன்னால் நிற்கும் டெர்மினலுக்குப் பரிமாறுகிறது. மறதி நடப்பது இங்கேதான்.

மறதி இல்லாத கிளையை நாம் நேரில் பார்க்கலாம். டெவ் அடைவுக்குள் இன்புட் என்றோர் அடைவு இருக்கும். அதற்குள் ஈவென்ட்0, ஈவென்ட்1 என்று வரிசையாகக் கோப்புகள். ஈவிடெஸ்ட் என்ற சிறு கருவியை நிர்வாகி உரிமையோடு ஓட்டினால் எந்தக் கோப்பு எந்தச் சாதனம் என்று பட்டியல் போடும். முதல் தடவை பார்ப்பவருக்கு அந்தப் பட்டியல் வேடிக்கையாக இருக்கும். இரண்டு கீபோர்டு செருகியவருக்கு ஏழெட்டு வரிகள் வரும். பவர் பட்டன் தனி வரியில் நிற்கும். ஒற்றை விசை உள்ள கீபோர்டாம் அது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் விசைகள் உள்ள கீபோர்டு, பெரும்பாலும் இரண்டு வரியாகத் தெரியும்.

அண்ணாச்சியின் ஸ்கேனரை வீட்டுக்கு எடுத்துவந்து இந்தப் பட்டியலில் தேர்ந்தெடுத்து, அதே சோப்பு உறையைக் காட்டினேன். திரையில் முதலில் வந்த விசை எண்கள் 9, 10, 11. எனக்கே ஒரு கணம் புரியவில்லை. பிறகுதான் உறைத்தது. கர்னல் சொல்வது விசையின் எண்ணை. விசைமேல் அச்சிட்டிருக்கும் இலக்கத்தை அல்ல. எஸ்கேப் விசை 1, அதற்கு அடுத்த இலக்கம் 1-ன் விசை 2, இப்படியே போனால் இலக்கம் 8-ன் விசை 9, இலக்கம் 9-க்கு 10, பூஜ்யத்துக்கு 11. ஆக 9, 10, 11 என்றால் 890. பாக்கிப் பத்து எண்கள் முடிந்ததும் கடைசியில் 28, அது என்டர். ஒவ்வொரு எண்ணுக்கும் இரண்டு செய்தி: அழுத்தினால் 1, விட்டால் 0. அழுத்திப் பிடித்தபடியே இருந்தால் 2, 2, 2 என்று வந்துகொண்டே இருக்கும்.

இந்த இடத்தில் தமிழ் தட்டுகிறவர்களுக்கு ஒரு கொசுறு. ஏ என்று அச்சிட்ட விசைக்குக் கர்னலில் எண் 30. அது ஆங்கில ஏ ஆவதோ தமிழ் அ ஆவதோ அதற்குப் பிறகு நடப்பது. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 அமைப்பைப் போட்டால் 30 என்பது அ. ஆங்கில அமைப்பைப் போட்டால் ஏ. கீபோர்டுகள் கீழே தனித்தனியாகவே இருப்பதால், ஒன்றுக்குத் தமிழ்99, மற்றதற்கு ஆங்கிலம் என்று தனித்தனி அமைப்பையும் கொடுக்கலாம். எக்ஸ் என்ற பழைய வரைகலை அமைப்பில் செட்எக்ஸ்கேபிமேப் கட்டளைக்குச் சாதனத்தின் எண்ணைச் சொல்லிவிட்டால் போதும். மொழிபெயர்ப்பு வேலையில் மணிக்கு நூறு தடவை மொழி மாற்றும் விசையைத் தட்டி அலுத்தவர்கள், மேசையில் இடம் இருந்தால் செய்து பார்க்கலாம். நான் ஆறு மாதமாக இப்படித்தான் இருக்கிறேன். மேசைதான் கொஞ்சம் நிரம்பிவிட்டது.

இப்போது பிரிக்கும் வேலைக்கு வருவோம். கலக்கும் கையாளியிடம் போய்ச் சேருமுன் ஒரு கீபோர்டை மறித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்கென்றே கர்னலில் ஒரு வசதி உண்டு, கிராப் என்பார்கள். ஒரு நிரல் ஈவென்ட் கோப்பைத் திறந்து, இது எனக்கு மட்டும் என்று சொல்லிவிட்டால், அந்த நொடியிலிருந்து அந்தக் கீபோர்டின் செய்திகள் வேறு யாருக்கும் போகாது. டெர்மினல் கையாளிக்கும் போகாது, டெஸ்க்டாப்புக்கும் போகாது. பைத்தானில் எவ்டெவ் என்ற நூலகத்தை வைத்து இதை நாலு வரியில் எழுதலாம்.

பிடித்தாயிற்று, எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? பலரும் முதலில் நினைப்பது, இரண்டாவது கீபோர்டின் எழுத்துகளை நேராக டிடிஒய்4-க்குள் தள்ளிவிடலாம் என்பதுதான். பழைய யூனிக்ஸ் காலத்து வசதி ஒன்று அதற்கு இருந்தது. டெர்மினலில் யாரோ தட்டியது போலவே ஓர் எழுத்தை நுழைத்துவிடும். ஒருவர் டெர்மினலில் இன்னொரு நிரல் கட்டளை தட்டலாம் என்றால் அது எவ்வளவு ஆபத்து என்று சொல்ல வேண்டியதில்லை. 2023-ல் வந்த லினக்ஸ் 6.2 முதல் அதை அணைத்து வைக்க வழி செய்துவிட்டார்கள். அந்த வசதியை நம்பி எதையும் கட்டாதீர்கள். தவிர, இன்னொரு எளிய சிக்கலும் இருக்கிறது. முன்னால் நிற்பது டிடிஒய்3 என்றால், டிடிஒய்4-ல் தட்டுகிறவர் தான் தட்டுவதை எதில் பார்ப்பார்? கீபோர்டைப் பிரித்தால் போதாது, திரையையும் பிரிக்க வேண்டும்.

ஒரே மானிட்டரில் அதைச் செய்ய எனக்குப் பிடித்த வழி டிமக்ஸ். ஒரு டெர்மினலை இரண்டாகவோ நாலாகவோ தடுப்புச் சுவர் வைத்துப் பிரிக்கும் நிரல் அது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. முதல் கீபோர்டை அப்படியே விட்டுவிடுகிறோம். அது இடப்பக்கத்தில் தட்டும். இரண்டாவதை நம் நிரல் பிடித்துக்கொண்டு, விசை எண்களை எழுத்தாக மாற்றி, டிமக்ஸின் சென்ட்-கீஸ் கட்டளையால் வலப்பக்கத்துக்கு அனுப்புகிறது. ஷிஃப்ட் அழுத்தியிருக்கிறதா, கன்ட்ரோலோடு சி வந்ததா என்பதையெல்லாம் இனி நம் நிரல்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இதுவரை கர்னல் சத்தமில்லாமல் செய்துவந்த வேலை எவ்வளவு என்று அப்போதுதான் தெரியும்.

நான் எழுதியது சுமார் 60 வரி. அக்கா மகனை வலப்பக்கக் கீபோர்டில் உட்காரவைத்தேன். நான் இடப்பக்கம் ஒரு கோப்பைத் திருத்த, அவன் வலப்பக்கம் பைத்தானில் பெருக்கல் வாய்ப்பாடு போட்டான். ஒருவர் தட்டுவது மற்றவர் பக்கம் போகவே இல்லை. ஐந்து நிமிடம் கழித்து, "மாமா, எனக்கு மட்டும் கோடு மினுக்கவே இல்ல" என்றான். உண்மைதான். டிமக்ஸ் தான் நடப்பில் வைத்திருக்கும் பக்கத்தில் மட்டுமே மினுக்கும் குறியைக் காட்டும். அதைப் பொறுத்தவரை வலப்பக்கத்தில் யாருமே இல்லை. எழுத்துகள் தானாக விழுந்துகொண்டிருக்கின்றன. இரண்டு பேருக்கு இரண்டு குறி என்பது அதன் கற்பனையிலேயே இல்லை.

முயன்று பார்க்கிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. இரண்டையும் நான் பட்டுத்தான் கற்றேன். கணினியில் இருக்கும் ஒரே கீபோர்டைப் பிடித்துவிடாதீர்கள். நிரலை நிறுத்தக் கன்ட்ரோல் சி தட்டினால், அந்தத் தட்டலும் நிரலிடமே போய்ச் சேரும், டெர்மினலுக்குத் தெரியாது. அப்போது கீபோர்டின் வயரைப் பிடுங்கிவிட்டு மறுபடி செருகுவதுதான் சுருக்கமான வைத்தியம். அடுத்தது இன்னும் விசித்திரம். டெஸ்க்டாப் ஜன்னலுக்குள் இருந்து நிரலை ஓட்ட என்டர் தட்டுகிறீர்கள். விரல் எடுக்குமுன் நிரல் கீபோர்டைப் பிடித்துவிடுகிறது. என்டரை அழுத்திய செய்தி டெஸ்க்டாப்புக்குப் போயிற்று. விட்ட செய்தி போகவில்லை. அது என்ன நினைக்கும்? விரல் இன்னும் என்டர் மேலேயே இருக்கிறது என்று நினைத்து, வெற்று வரிகளை ஓட்டிக்கொண்டே இருக்கும். நிரலின் தொடக்கத்தில் ஒரு நொடி காத்திருக்கச் சொல்லிவிட்டால் தீர்ந்தது.

இந்தக் கைவேலையெல்லாம் வேண்டாம், ஆளுக்கொரு மானிட்டரே இருக்கிறது என்றால் முறையான வழி உண்டு. இன்றைய லினக்ஸ்கள் பெரும்பாலானவற்றில் இருக்கும் சிஸ்டம்டி, இதைச் சீட் என்ற கணக்கில் பார்க்கிறது. ஒரு சீட் என்றால் ஒரு வரைகலை அட்டை, அதில் மாட்டிய மானிட்டர், ஒரு கீபோர்டு, ஒரு மவுஸ்; ஓர் ஆள் உட்கார வேண்டிய இடம். எல்லாச் சாதனமும் முதலில் சீட்0-வில் இருக்கும். லாகின்சிடிஎல் கட்டளையில் அட்டாச் என்று சொல்லி, இரண்டாவது வரைகலை அட்டையையும் கீபோர்டையும் மவுஸையும் சீட்1-க்கு மாற்றிக்கொடுத்தால், அந்த மானிட்டரில் தனியாக உள்நுழைவுத் திரை வரும். கணினியை அணைத்துப் போட்டாலும் இந்த ஏற்பாடு மறக்காது.

சீட்டுக்குத் தலைவர் வரைகலை அட்டைதான். கீபோர்டை மட்டும் மாற்றிவைத்துவிட்டு இரண்டாவது சீட் வரவில்லையே என்று காத்திருப்பவர்கள் உண்டு. அட்டை இல்லாமல் சீட் பிறக்காது. ஒரே அட்டையில் இரண்டு மானிட்டர் மாட்டும் துளை இருந்தாலும், அட்டை முழுவதும் ஒரு சீட்டுக்கே சொந்தம். இன்னொரு சங்கதி, நாம் கேட்ட கேள்விக்கு நேரான பதில் என்றே சொல்லலாம்: மெய்நிகர் டெர்மினல்கள் சீட்0-வுக்கு மட்டுமே உண்டு. மற்ற சீட்டுகளுக்குக் கிடையாது. கீபோர்டுக்கு ஒரு டெர்மினல் என்று ஒதுக்குவதைக் கர்னல் ஏற்றுக்கொள்ளவே இல்லை. 2000-களின் தொடக்கத்தில் பேக்ஸ்ட்ரீட் ரூபி என்ற பெயரில் ஒரு திருத்தம் உலவியது. ஒவ்வொரு கீபோர்டுக்கும் அதற்கே உரிய டெர்மினல்களைக் கொடுத்தது அது. கர்னலை நாமே திருத்திக் கட்டிக்கொள்ள வேண்டும். மூலக் கர்னலில் அது சேரவில்லை. இன்று இரண்டாவது சீட்டில் கறுப்புத் திரைதான் வேண்டும் என்றால், கேஎம்எஸ்கான் போன்று கர்னலுக்கு வெளியே ஓடும் டெர்மினல் நிரலைத்தான் நாட வேண்டும். தமிழைப் பொறுத்தவரை கர்னலின் கறுப்புத் திரையை இழப்பதில் நட்டமும் இல்லை. மொத்தம் 512 வடிவங்களுக்கு மேல் அதற்கு இடமில்லை, கொம்பும் காலும் ஓர் எழுத்தின் இருபுறமும் நிற்க வேண்டும் என்பதும் அதற்குத் தெரியாது.

மானிட்டர் ஒன்றுதான், ஆனால் டெஸ்க்டாப்பிலேயே பிரிய வேண்டும் என்பவர்களுக்கு, எக்ஸுக்குப் பின் வந்த வேலண்ட் என்ற வரைகலை முறையில் ஓடும் ஸ்வே டெஸ்க்டாப் இருக்கிறது. அதன் அமைப்புக் கோப்பில் இரண்டாவது சீட் ஒன்றை எழுதி, கீபோர்டையும் மவுஸையும் அதனோடு சேர்த்துவிட்டால், ஒரே திரையில் இரண்டு அம்புக்குறிகள் நடமாடும். ஒருவர் ஒரு ஜன்னலில் தட்ட, மற்றவர் வேறொரு ஜன்னலில் தட்டலாம். பழைய எக்ஸிலும் 2009 முதல் இந்த வசதி உண்டு. ஆனால் இப்படி இருவர் இருக்கக்கூடும் என்று நினைத்தே பார்க்காமல் எழுதப்பட்ட நிரல்கள் ஏராளம், அவை குழம்பும்.

எந்த வழியில் போனாலும் ஒரு நடைமுறைத் தொல்லை காத்திருக்கும். ஈவென்ட்5 என்பது இன்று ஒரு கீபோர்டு, நாளை கணினியைத் திறந்தால் வேறொன்று. செருகும் வரிசையில் எண் விழும். ஆகவே அந்த எண்ணை எழுதிவைக்கக் கூடாது. பெயரை வைத்து அடையாளம் காட்டும் அடைவு ஒன்றும், செருகிய துளையை வைத்து அடையாளம் காட்டும் அடைவு ஒன்றும் அதே இன்புட் அடைவுக்குள் இருக்கின்றன. பெயர்தானே நல்லது என்று தோன்றும். ஆனால் ஒரே கடையில் ஒரே மாடலில் இரண்டு கீபோர்டு வாங்கியிருப்பீர்கள். விலை குறைந்த கீபோர்டுகளில் வரிசை எண்ணே இருக்காது. இரண்டுக்கும் ஒரே பெயர். அடைவில் ஒன்றின் இடத்தை மற்றது பிடித்துக்கொள்ளும். அப்போது துளையை வைத்துத்தான் அடையாளம் காண முடியும். துளையை நம்பினால், வீட்டைப் பெருக்கும்போது யாராவது வயரைப் பிடுங்கி மாற்றிச் செருகினால் ஆளும் மாறிவிடுவார். நான் துளைகளுக்குப் பக்கத்தில் சிவப்பு, நீலம் என்று இன்சுலேஷன் டேப் ஒட்டி வைத்தேன். சீட் முறையில் இன்னும் நல்ல வழி இருக்கிறது. ஒரு யூஎஸ்பி ஹப்பையே சீட்1-க்குக் கொடுத்துவிட்டால், அந்த ஹப்பில் எதைச் செருகினாலும் சீட்1-க்கே போகும்.

பாதுகாப்பு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சீட் என்ற கணக்கு சிஸ்டம்டிக்குத் தெரியும். கர்னலின் அந்தப் பழைய டெர்மினல் கையாளிக்குத் தெரியாது. சீட்0-வில் இருப்பவர் கறுப்புத் திரைக்குப் போய்விட்டார், சீட்1-ல் இருப்பவரின் கீபோர்டை அவருடைய டெஸ்க்டாப் தனக்கென்று பிடித்துவைக்கவில்லை என்றால், அவர் தட்டும் கடவுச்சொல் இவர் திரையில் வந்து விழக்கூடும். அதனால்தான் பல சீட் அமைப்பவர்கள் எக்ஸின் அமைப்பில் கிராப் செய்யும் விருப்பத்தைப் போட்டுவைப்பார்கள். அதுபோல ஈவென்ட் கோப்பைப் படிக்க உரிமை உள்ள எவரும் தட்டப்படும் ஒவ்வொரு விசையையும் படிக்கலாம். சோம்பல்பட்டு எல்லாருக்கும் அந்த உரிமையைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஒரு கணினியைப் பலர் பகிரும் இந்த முறை ஒரு காலத்தில் ஏழை நாடுகளின் பள்ளிகளுக்கான பெரிய நம்பிக்கையாக இருந்தது. பிரேசிலின் பரானா மாநிலத்தில், அங்குள்ள மத்தியப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்குழு ஒரு கணினிக்கு 4 மானிட்டர், 4 கீபோர்டு, 4 மவுஸ் என்று லினக்ஸில் அமைத்து, சுமார் 2,000 அரசுப் பள்ளிகளுக்குக் கொண்டுபோனது. 2009-ல் அந்த நாடு முழுவதற்கும் மூன்றரை லட்சம் இருக்கைகள் என்று அறிவிப்பு வந்தது. நம் பக்கத்தில் ஆந்திரத்தின் சுமார் 5,000 பள்ளிகளில் என்கம்ப்யூட்டிங் நிறுவனத்தின் கருவிகளால் ஒரு கணினியைப் பலருக்குப் பகிர்ந்தார்கள். பெங்களூரில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் 2006-ஐ ஒட்டி வேறு கோணத்தில் பார்த்தது. ஒரு கணினியைச் சுற்றி நாலைந்து குழந்தைகள் நிற்கிறார்கள், மவுஸ் ஒருவன் கையில் மட்டும். ஆளுக்கொரு மவுஸைக் கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறத்தில் அம்புக்குறி கொடுத்தால்? அதிலிருந்து பிறந்தது மல்டிபாயின்ட். அதே பெயரைத் தாங்கிய பகிர்வு வசதி ஒன்று பிறகு விண்டோஸ் சர்வரின் பகுதியாகவே ஆனது. 2019 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். 2012-ல் 35 டாலருக்கு ராஸ்பெர்ரி பை வந்தபின், ஒரு கணினியை நாலாகப் பிரிக்கப் பாடுபடுவதற்கு நாலு கணினியே வாங்கிவிடலாம் என்றாகிவிட்டது. பகிர்ந்த கணினி பழுதானால் நாலு குழந்தைகளும் சேர்ந்து சும்மா உட்கார வேண்டும் என்ற குறையும் எப்போதும் இருந்தது. எனக்கென்னவோ அந்த நிற நிறமான அம்புக்குறிகள் மறைந்ததில் மட்டும் வருத்தம்தான்.

அண்ணாச்சி கடைக்குத் திரும்புவோம். அவர் கணினியில் இருப்பது விண்டோஸ். அதிலும் எந்தக் கீபோர்டு தட்டியது என்று ஒரு நிரல் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்; ஆனால் கேட்பதால் மட்டும் அந்தத் தட்டல் மற்ற இடத்துக்குப் போவது நிற்காது. தனி டிரைவர் போட வேண்டும். கடைக் கணினியில் அந்த வேலை எதற்கு என்று ஸ்கேனரோடு வந்த கையேட்டைப் புரட்டினேன். அதில் பக்கம் பக்கமாகப் பார்கோடுகள். ஸ்கேனருக்குக் கட்டளை கொடுக்கும் கோடுகள் அவை. யூஎஸ்பி சீரியல் என்று போட்டிருந்த ஒன்றின் மேல் ஸ்கேனரைக் காட்டினேன். இரண்டு தடவை கீச்சிட்டு அணைந்து மறுபடி எரிந்தது.

என் மடிக்கணினியில் செருகிப் பார்த்தபோது ஈவென்ட் பட்டியலில் அது இல்லை. கீபோர்டாக இருப்பதை விட்டுவிட்டது. டெவ் அடைவில் புதிதாக ஒரு பெயர் வந்திருந்தது: டிடிஒய்ஏசிஎம்0. தனக்கென்று ஒரு வயர், தனக்கென்று ஒரு டிடிஒய். கடையில் செருகியதும் விண்டோஸ் அதற்குக் காம்3 என்று பெயர் வைத்தது. பில் போடும் மென்பொருளின் அமைப்பில் ஸ்கேனர் இருக்கும் இடம் காம்3 என்று மாற்றினேன்.

அண்ணாச்சி அந்த 13 இலக்கக்காரரைத் திறந்து, பாக்கித் தொகையை வைத்து ஆள் யார் என்று கண்டுபிடித்து, பெயரைத் தட்டத் தொடங்கினார். பையன் வேண்டுமென்றே அதே நேரத்தில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டினான். எண் பொருள் பட்டியலில் போய் விழுந்தது. அண்ணாச்சி நிமிர்ந்து பார்க்காமலே பெயரின் பாதியைத் தட்டி முடித்தார்.